இல்லத்தில் எண் பயிற்றல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இவ்வவையில் சில வார்த்தைகள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபொழுது, எதனைப்பற்றிப் பேசுவது என்று யாம் நெடுநேரம் சிந்திக்க நேரவில்லை. சில காலமாக எம் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்த விஷயம் ஒன்றுண்டு. அது கேட்பதற்கு மிகவும் எளிதாகத் தோன்றும். சபை கூட்டிப் பேசத்தக்கதோ என்று சிலர் நகைக்கவுங் கூடும். ஓர் எண்ணில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் அது நிற்கும் இடத்தால் வரும் மதிப்பைக் குழந்தைகட்கு வீட்டில் உணர்த்துவது எங்ஙனம் என்பதே அவ்விஷயம். பள்ளிக்கூடத்தார் இதனை ‘இடமதிப்பு’ என்பர். சிறிதாகத் தோன்றும் இதனுள் ஒரு குடும்பத்தின் இலாப நஷ்டங்களும், ஒரு குழந்தையின் மனத்துணிவும் அடங்கியிருத்தலை எம் வீட்டிலேயே கண்டோம். ஆதலின், பிறர்க்கு உபதேசிக்க வந்தோராக அன்றித் தவறு செய்து திருந்தினோராகவே உங்கள்முன் நிற்கின்றோம்.

எம் பேர்த்தி எட்டு வயதுச் சிறுமி. மூன்றாம் வகுப்பிற் படிப்பவள். ஒருநாள் மாலை அவளை அருகில் அமர்த்தி, யாம் சொல்லும் எண்களை எழுதுமாறு கூறினோம். நாற்பத்தேழு என்றோம், எழுதினாள். தொண்ணூற்றிரண்டு என்றோம், சிறிது தயங்கி எழுதினாள். நூற்றைந்து என்றோம், தயக்கமின்றி 1005 என்று எழுதினாள். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் நூற்றைந்து எழுதத் தெரியவில்லையா என்று யாம் கடிந்து பேசினோம். மறுமுறை எழுதச் சொன்னோம், மறுபடியும் 1005. எம் குரல் உயர்ந்தது. குழந்தை கண்கலங்கி, “நூறு எழுதினேன், ஐந்தும் எழுதினேன், தப்பு எங்கே, தாத்தா?” என்று கேட்டாள். அதற்கு எம்மிடம் விடையில்லை. “இப்படித்தான் எழுதவேண்டும்” என்று 105 என எழுதிக் காட்டினோமேயன்றி, ஏன் அப்படி எழுதவேண்டும் என்று எம்மாற் கூற இயலவில்லை. அன்றுமுதல் கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே அவள் எழுந்து போகத் தலைப்பட்டாள். “எனக்குக் கணக்கு வராது” என்று தன் தாயிடம் கூறினாளாம். எட்டு வயதுக் குழந்தை தன்னைப்பற்றி அங்ஙனம் ஒரு தீர்ப்பெழுதிக் கொண்டதற்குக் காரணம் யாமே என்பதை நினைக்க, அன்றிரவு உறக்கம் வரவில்லை.

பிறகு ஆராயப் புகுந்தபோதுதான், குழந்தையின் செவி பிழை செய்யவில்லை என்பது புலனாயிற்று. நூற்றைந்து என்னும் சொல்லை அவள் பிரித்துக் கேட்டாள். நூறு ஒன்று, ஐந்து ஒன்று. கேட்ட வரிசையிலேயே 100 என எழுதி, அதன் பக்கத்தில் 5 என எழுதினாள். சொல்லுக்கு உண்மையாக நடந்துகொண்டாளேயன்றி, கவனக்குறைவு சிறிதும் இல்லை. இன்னும் ஒரு வியப்புக் கேளுங்கள். நம் முன்னோர் ஏட்டில் எழுதிய பழைய தமிழ் இலக்க முறைப்படி அவள் செய்தது முற்றுஞ் சரியே!

பழைய தமிழ் முறையிற் பத்துக்கு ௰ என்றும், நூற்றுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் தனித்தனிக் குறிகள் உண்டு. நூற்றைந்தை ௱௫ என்று எழுதுவர். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்தை ௨௲௩௱௪௰௫ என்று எழுதுவர். வாயாற் சொல்வது எப்படியோ அப்படியே கையால் எழுதுவது அம்முறை. ஒவ்வோர் இலக்கத்தின் பக்கத்திலும் அதன் பதவிப் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஆதலின் அங்குச் சுழிக்கு வேலையில்லை. நூற்றைந்தில் பத்துக்கள் இல்லையெனின், ௰ என்னும் குறியை எழுதாது விட்டால் முடிந்தது.

இக்காலத்து முறையோ வேறு. இதில் ஆசனங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வரிசையைக்கொண்டே இன்ன ஆசனம் என்று அறியவேண்டும். வலக்கோடியில் இருப்பது ஒன்றன் இடம். அதற்கு இடப்புறம் பத்தின் இடம். அதற்கும் அப்பால் நூற்றின் இடம். இடப்புறமாக ஓர் ஆசனம் ஏறுந்தோறும் மதிப்புப் பத்து மடங்காகும். பெயர்ப்பலகை இல்லாத சபையில் நடுவே ஓர் ஆசனம் காலியாக இருப்பின், அது காலியென்று காட்ட ஓர் அடையாளம் வைத்தல் வேண்டும். இல்லையேல் அடுத்தவர் நகர்ந்து வந்து அமர்ந்துவிடுவர். அவ்வடையாளமே சுழி. 105 என்பதில் உள்ள சுழி, “பத்தின் ஆசனத்தில் ஒருவருமில்லை, ஆயினும் அவ்வாசனம் உண்டு” என்று கூவிச் சொல்கின்றது. சுழிக்குத் தனியே மதிப்பில்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அது காவலிருக்கும் இடத்துக்கு மதிப்புண்டு என்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றோம்.

இம்முறை ஒருநாளில் தோன்றியதன்று. கி.பி. 499-ஐ ஒட்டித் தம் நூலை இயற்றிய ஆரியபடர், ஓர் இடத்தினும் அடுத்த இடம் பத்து மடங்கு என்பதை எடுத்துக் கூறினார். 628-ஆம் ஆண்டில் பிரமகுப்தர் சுழியையும் ஓர் எண்ணாகவே கொண்டு, அதனைக் கூட்டவுங் கழிக்கவும் விதிகள் வகுத்தார். குவாலியரில் உள்ள 876-ஆம் ஆண்டுக் கோயிற் கல்வெட்டொன்றில் 270, 50 என்னும் எண்களிற் சுழியை இன்றும் காணலாம். இம்முறை அராபியர் வழியாக மேற்றிசை சென்று, 1202-ஆம் ஆண்டில் பிபொனாச்சி என்பார் எழுதிய நூலால் இத்தாலியில் விளக்கம் பெற்றது. அங்கு அது பழைய முறையை முற்றும் வென்று நிலைபெற மேலும் சில நூற்றாண்டுகள் சென்றன. பெரும் பண்டிதர்களும் தேர்ந்த வணிகர்களும் தலைமுறை தலைமுறையாகத் தயங்கி ஏற்றுக்கொண்ட ஒன்றை, நம் வீட்டுக் குழந்தை ஒரே மாலையில் உணர்ந்து கொள்ளவில்லை என்று கோபிப்பது என்ன நியாயம்?

‘தெரியாவிட்டால் என்ன? கைப்பேசியிலேயே கணக்குப் போடும் வசதி உண்டே’ என்று சிலர் நினைக்கலாம். அவர்கட்கு எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் வேண்டும். எம் தமக்கையார் கணவரை இழந்தவர். சில வகுப்புக்களே படித்தவர். சில ஆண்டுகட்கு முன், மகளின் பிரசவச் செலவுக்காக ஒருவரிடம் 15,000 ரூபாய் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர் இன்னார் என்று கூற விரும்பவில்லை. அச்சிட்ட பத்திரத்தில் தொகை 1,50,000 என்று இலக்கத்தால் எழுதப்பட்டிருந்தது. எழுத்தாற் குறிக்கவேண்டிய இடம் வெற்றிடமாக விடப்பட்டிருந்தது. எம் தமக்கையார் ஒன்றைக் கண்டார், ஐந்தைக் கண்டார், பின்னே சில சுழிகளைக் கண்டார்; சரியென்று கையொப்பமிட்டார். சுழிகள் எத்தனை என்றோ, காற்புள்ளி எங்கு நிற்கின்றது என்றோ பார்க்க அவருக்கு ஒருவரும் கற்பித்ததில்லை. பின்னர் வழக்காகி, பெரியோர் நால்வர் இடைநின்று பேசி ஒருவாறு முடித்தனர். ஆயினும், வாங்கியதற்கு மும்மடங்கு கொடுக்க நேர்ந்தது. அவர் கையில் எஞ்சியிருந்த இரண்டு வளையல்களும் போயின. “சுழிதானே தம்பி, ஒன்றுமில்லாததுதானே என்று இருந்துவிட்டேன்” என்று அவர் எம்மிடம் கூறிய சொல் இன்னும் காதில் ஒலிக்கின்றது.

இங்கு ஒரு சட்ட விஷயத்தையும் தெரிவித்துக் கொள்கின்றோம். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, கடன் பத்திரத்திலோ காசோலையிலோ இலக்கத்தால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் மாறுபடின், எழுத்தால் எழுதியதே செல்லும். ஆதலின் எழுத்துக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டு ஒருவரும் கையொப்பமிடலாகாது. இலக்கத்தைப் படித்து எழுத்தாக்கவும், எழுத்தைப் படித்து இலக்கமாக்கவும் வல்லவரே தம் பொருளைத் தாம் காக்க வல்லவர். இதனை நாற்பது வயதிற் கற்பதினும் எட்டு வயதிற் கற்பது எளிது.

இனி, வீட்டிற் செய்யத்தக்கது யாது என்பதைக் கூறுவோம்.

முதலாவது, எண்ணை எழுதுமுன் கையால் தொடச் செய்தல் வேண்டும். புதுத் துடைப்பம் ஒன்றின் ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பத்து ஈர்க்குகளை எண்ணி நூலாற் கட்டினால் அது ஒரு கட்டு. அத்தகைய கட்டுக்கள் பத்தைச் சேர்த்துக் கட்டினால் அது ஒரு பெருங்கட்டு, அதுவே நூறு. பெருங்கட்டுக்கள் பத்துச் சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்தை ஒரு முறையேனும் குழந்தை தன் கையாலேயே கட்டி முடிக்கட்டும். ஒரு வாரம் ஆயினும் ஆகுக. அம்மூட்டையைத் தூக்கிப் பார்த்த குழந்தைக்கு ஆயிரம் என்பது வெறுஞ் சொல்லாக இராது.

இம்முறை எமது கற்பனையன்று. 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்கட்குப் பயிற்சியளித்த இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி, பொன்னிற மணிகளால் இதனையே செய்தார். ஒரு மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கட்டி ஆயிரம். அம்மணிகள் விலைக்குக் கிடைப்பன. ஈர்க்குக்கோ விலையில்லை, பயன் இரண்டிற்கும் ஒன்றே.

கட்டுக்கள் ஆயத்தமானபின், கட்டுவதோடு அவிழ்ப்பதையும் பழக்குங்கள். ஒரு பெருங்கட்டைக் குழந்தையின் கையிற் கொடுத்து, “இதிலிருந்து ஒரே ஓர் ஈர்க்கு எனக்குக் கொடு” என்று கேளுங்கள். அது பெருங்கட்டை அவிழ்த்துப் பத்துக் கட்டாக்கும், அவற்றுள் ஒன்றை அவிழ்த்துப் பத்து ஈர்க்காக்கும், ஒன்றைக் கொடுக்கும். எஞ்சியவை ஒன்பது கட்டும் ஒன்பது ஈர்க்கும். நூற்றில் ஒன்று போனால் தொண்ணூற்றொன்பது ஏன் என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். பள்ளிக்கூடத்தில் இதனைக் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்பர். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காத கணக்கு அது! உண்மையில் அங்குக் கடனுமில்லை, வட்டியுமில்லை. பெரியதொன்றை அவிழ்த்துச் சிறியவை பத்தாக்கிக் கொள்வதே நிகழ்வது. ‘அவிழ்த்துக் கழித்தல்’ என்று வீட்டிற் சொல்லிப் பழக்கினால் மயக்கம் தீரும்.

இரண்டாவது, தரையிற் கோலமாவால் மூன்று கட்டங்கள் வரைந்து, வலமிருந்து இடமாக ஒன்று, பத்து, நூறு என்று பெயரிடுங்கள். ஈர்க்குகள் வலக்கட்டத்திலும், கட்டுக்கள் நடுக்கட்டத்திலும், பெருங்கட்டுக்கள் இடக்கட்டத்திலும் வைக்கப்படுக. ஒரு கட்டத்தில் ஒன்பதுக்குமேல் இருக்கலாகாது என்பதே விளையாட்டின் விதி. பத்தாவது வந்தவுடன் கட்டி, இடப்புறத்துக் கட்டத்துக்கு ஏற்றிவிடவேண்டும். ஒரு பெருங்கட்டும் ஐந்து ஈர்க்கும் வைத்து, “நடுக்கட்டத்தில் எத்தனை?” என்று கேளுங்கள். “ஒன்றுமில்லை” என்று விடை வரும். “ஒன்றுமில்லை என்பதை எப்படி எழுதுவாய்?” என்றால், சுழியைத் தானே இடும். நாம் சொல்லி இடுவதற்கும் தானே தேவையறிந்து இடுவதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

மூன்றாவது, அட்டைகள். 1 முதல் 9 வரை சிறு அட்டைகளில் எழுதுங்கள். 10, 20 எனத் தொடங்கி 90 வரை இருமடங்கு அகலமுள்ள அட்டைகளிலும், 100, 200 எனத் தொடங்கி 900 வரை மும்மடங்கு அகலமுள்ள அட்டைகளிலும் எழுதுங்கள். இருநூற்று நாற்பத்தைந்து வேண்டின், 200-இன்மேல் 40-ஐயும் அதன்மேல் 5-ஐயும் வலவோரம் ஒத்திருக்குமாறு ஏற்றிவைத்தால் 245 தோன்றும். பிரித்து வைத்தால் மூன்றும் தனித்தனியே தெரியும். எம் பேர்த்தியின் கண்ணீரைத் துடைத்தது இவ்வட்டையே. 100 என்னும் அட்டையையும் 5 என்னும் அட்டையையும் அவள் கையிற் கொடுத்து, “நீ எழுதிய நூறும் சரி, ஐந்தும் சரி, இவற்றைப் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வை” என்றோம். ஏற்றி வைத்தாள். நூற்றின் கடைசிச் சுழி ஐந்தின் கீழ் மறைந்தது, நடுச்சுழி நின்றது. சிறிது நேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்து, “ஐந்து வந்து உட்கார்ந்துவிட்டது” என்றாள். யாம் ஓராண்டு விளக்கியிருப்பினும் இதனினும் நன்றாகக் கூறியிரோம்.

நான்காவது, நம் தமிழ் எண்ணுப்பெயர்களிற் குழந்தையை இடறும் கற்கள் மூன்று உள. அவற்றை முன்னரே காட்டிவிடுதல் நன்று. பொதுவாகத் தமிழ்ப் பெயர்கள் மிகத் தெளிவானவை. இருபத்தொன்று என்னும்போது இருபதை முன்னும் ஒன்றைப் பின்னும் கூறுகின்றோம். எழுதும் வரிசையும் அதுவே. இந்தியிலும் ஜெர்மன் மொழியிலும் ஒன்றன் பகுதி முன்னே வந்து, பத்தின் பகுதி பின்னே வருகின்றது. அம்மொழிக் குழந்தைகட்கு இல்லாத வசதி நம் குழந்தைகட்கு உண்டு. ஆனால், ஒன்பதின் குடும்பத்தில்மட்டும் பெயர் தடம் புரள்கின்றது. முப்பது, நாற்பது என்பவற்றிற்போலப் ‘பது’ என்று முடிந்தும் ஒன்பது ஓரிலக்கமே. ‘நூறு’ என்னும் ஒலியைத் தன்னுட்கொண்டும் தொண்ணூறு நூறன்று. ‘ஆயிரம்’ என்னும் ஒலியைத் தன்னுட்கொண்டும் தொள்ளாயிரம் ஆயிரமன்று. தொள்ளாயிரத்தைந்து என்றால் 9005 என எழுதும் குழந்தை, ‘ஆயிரம்’ என்னும் ஒலியை உண்மையாகவே கேட்டிருக்கின்றது. அதனை அடித்துத் திருத்த வேண்டா. நூறு, இருநூறு, முந்நூறு என்று பெருங்கட்டுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணூற்றுக்கு அடுத்த பெருங்கட்டை வைக்கும்போது வாய் தொள்ளாயிரம் என்னும். கண் ஒன்பது பெருங்கட்டுக்களைக் காணும். செவியின் மயக்கத்தைக் கண் தீர்த்துவிடும்.

ஐந்தாவது, நாணயம். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்கு முன், ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று நம் முன்னோர் கணக்கிட்டனர். ரூபாய்க்கு 192 பை! எழுதும் எண் பத்துப் பத்தாக ஏற, காசு பதினாறாகவும் பன்னிரண்டாகவும் ஏறிற்று. இன்று ரூபாய்க்கு நூறு காசு. கிலோவுக்கு ஆயிரம் கிராம். கிலோமீட்டருக்கு ஆயிரம் மீட்டர். கடைத்தெரு முழுவதும் இடமதிப்பின் பள்ளிக்கூடமாய் விட்டது. ஒரு ரூபாய், பத்து ரூபாய், நூறு ரூபாய் ஆகிய மூன்றைமட்டும் வைத்துக் கடை விளையாட்டு ஆடுங்கள். இருபது, ஐம்பது, இருநூறு, ஐந்நூறு என்பவற்றைப் பின்னர்ச் சேர்க்கலாம். 304 ரூபாய் எண்ணித் தரச் சொன்னால், பத்து ரூபாய்த் தாள் ஒன்றும் வேண்டாதிருத்தலைக் குழந்தை காணும். சுழி ஏன் நடுவில் நிற்கின்றது என்பதையும் காணும்.

இவை பழகியபின் பேரெண்களுக்குச் செல்லலாம். பேரெண்களைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் அவற்றின் நீளமே. நீளத்தைக் காற்புள்ளிகள் சிறு சிறு வீடுகளாகப் பிரிக்கின்றன. வலக்கோடி வீட்டில் மூன்று அறைகள்: நூறு, பத்து, ஒன்று. அதற்கு இடப்புறம் ஆயிரத்தின் வீடு. அதில் இரண்டே அறைகள். அடுத்தது இலட்சத்தின் வீடு, அதிலும் இரண்டு. அதற்கு அப்பாற்பட்டது கோடியின் வீடு. குழந்தை செய்யவேண்டியது, ஒவ்வொரு வீட்டிலும் உள்ள சிற்றெண்ணைப் படித்து, வீட்டின் பெயரைச் சேர்த்துச் சொல்வதேயாம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7,21,47,030. ஏழு, கோடி, இருபத்தொன்று, இலட்சம், நாற்பத்தேழு, ஆயிரம், முப்பது. சேர்த்துச் சொன்னால், ஏழு கோடியே இருபத்தொரு இலட்சத்து நாற்பத்தேழாயிரத்து முப்பது. கடைசி வீட்டில் நூற்றின் அறையில் ஒரு சுழி உள்ளது. வாய் அதனைச் சொல்வதில்லை, கை அதனை எழுதியே தீரவேண்டும். ‘முப்பதுதானே’ என்று அச்சுழியை விட்டு எழுதினால் 72,14,730 ஆகிவிடும். ஒரு சுழி தவறியதனால் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் மறைந்தனர்! இதனைக் குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். சுழியிடத்து அதற்குப் பெருமதிப்பு உண்டாகும்.

ஆங்கில நூல்களிலும் அயல்நாட்டுச் செய்திகளிலும் ‘மில்லியன்’, ‘பில்லியன்’ என்று வருவனவற்றையும் இங்கேயே தெளிவித்தல் தகும். அவர்கள் எல்லா வீடுகளுக்கும் மும்மூன்று அறைகள் வைத்தனர். பத்து இலட்சம் ஒரு மில்லியன். நூறு கோடி ஒரு பில்லியன். 2011-இல் இந்திய மக்கள்தொகையை நாம் 121,08,54,977 என எழுதுகின்றோம். அவர்கள் 1,210,854,977 என எழுதுவர். இலக்கங்களுள் ஒன்றும் மாறவில்லை. காற்புள்ளிகளே இடம் மாறின. அறைகள் அவையே, சுவர்கள்மட்டும் வேறு.

எழுதவும் படிக்கவும் வந்தால் மட்டும் போதாது; பேரெண்ணின் பருமையும் மனத்திற் பதியவேண்டும். இலட்சத்தையும் கோடியையும் ஏதோ இரண்டு பெரிய சொற்கள் என்றே பல குழந்தைகள், ஏன், பெரியோர் பலரும், எண்ணுகின்றனர். கடிகாரத்தைக் காட்டிச் சொல்லுங்கள். ஆயிரம் விநாடி என்பது 16 நிமிடம் 40 விநாடி. உலையிட்ட சோறு வெந்துவிடும். இலட்சம் விநாடி என்பது ஒரு நாளும் 3 மணியும் 46 நிமிடமும் 40 விநாடியும். கோடி விநாடியோ 115 நாட்களுக்கும் மேல். ஏறத்தாழ நான்கு மாதம். நூறு கோடி விநாடி சென்றால் 31 ஆண்டு கழிந்து 8 மாதமும் ஆகிவிடும். எட்டு வயதுக் குழந்தை 25 கோடி விநாடிக்கு மேல் வாழ்ந்துவிட்டது என்று சொன்னால், அதன் கண்கள் விரிவதைக் காணலாம். தாய்மார்கள் அரிசியைக்கொண்டும் இதனைச் செய்யலாம். நூறு அரிசியை எண்ணி ஒரு குவியலாக்கி, அத்தகைய பத்துக் குவியல்களைச் சேர்த்தால் ஆயிரம். அதன் எடை, அரிசியின் இனத்துக்கேற்ப 15 முதல் 25 கிராம் வரை இருக்கும். அங்ஙனமாயின் இலட்சம் அரிசி ஏறத்தாழ இரண்டு கிலோ. கோடி அரிசி ஏறத்தாழ இருநூறு கிலோ. இலட்சம் ஒரு பாத்திரத்தில் அடங்கும். கோடிக்கு மூட்டைகள் வேண்டும். இவ்வளவும் சமையலறையிலேயே கற்கத்தக்கவை.

பெற்றோர் விலக்கவேண்டியவையும் சில உள. பத்தாற் பெருக்கினால் ‘பின்னால் ஒரு சுழி சேர்’ என்று சுருக்குவழி கற்பித்தலை விடுக. பத்தாற் பெருக்கும்போது ஒவ்வோர் இலக்கமும் ஓர் ஆசனம் இடப்புறம் ஏறுகின்றது. காலியான ஆசனத்திற் சுழி வந்து அமர்கின்றது. இதனை அறியாது சுருக்குவழியை மட்டும் பிடித்துக்கொண்ட மாணாக்கன், பின்னர்ப் பத்து இரண்டரை எவ்வளவு என்றால் 2.50 என்று எழுதி விழிப்பான். அன்றியும், விரைவு வேண்டா. நாள் ஒன்றுக்குக் கால்மணி நேரம் போதும். குழந்தை தவறாக எழுதினால், “தவறு” என்று சொல்லுமுன் “இதை எனக்குப் படித்துக் காட்டு” என்று கேளுங்கள். பெரும்பாலும் அத்தவற்றுக்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கும். அந்நியாயத்தைக் கண்டுபிடித்தவரே குழந்தைக்குக் கற்பிக்க வல்லவர்.

‘யாம் படிக்கவில்லையே, எங்ஙனம் கற்பிப்பது?’ என்று தாய்மார் சிலர் நினைக்கலாம். பூக்கடையில் நூறு நூறாகப் பூவை எண்ணித் தருபவரும், வெற்றிலையைக் கட்டுக்கட்டாக அடுக்குபவரும் இடமதிப்பை அறியாதவரல்லர். அவர் கைக்குத் தெரிந்ததைக் கண்ணுக்குக் காட்டுவது ஒன்றே எஞ்சியுள்ள வேலை. தெரியாத இடத்திற் குழந்தையோடு அமர்ந்து தாமும் கற்பதில் வெட்கம் யாது?

எம் தமக்கையார் இப்போது எம் வீட்டிலேயே இருக்கின்றார். பேர்த்தி அட்டைகளைப் பரப்பி விளையாடுங்கால், முதலில் எட்ட இருந்து பார்த்தார். பின்னர் அருகில் வந்தமர்ந்தார். சென்ற வாரம் அவருடைய வங்கிக் கணக்குப் புத்தகத்தை அச்சிறுமி எடுத்துவந்து, இருப்புத் தொகையைப் படிக்குமாறு தன் பாட்டியைக் கேட்டாள். அவர் காற்புள்ளிவரை விரலால் மறைத்து, முன்னுள்ளதைப் படித்து ‘ஆயிரம்’ என்று சேர்த்துக்கொண்டு, எஞ்சியதை மெல்லக் கூட்டிப் படித்தார். பிழையின்றிப் படித்தார். சிறிது நேரம் பேசாதிருந்து, “இது அன்றைக்குத் தெரிந்திருந்தால்” என்று மட்டும் கூறினார். போன வளையல் திரும்பி வராது. ஆயினும், இனி அவர் படியாத தாளில் அவர் கையொப்பம் விழாது. பக்கத்தில் அமர்ந்திருந்த அக்குழந்தையின் கையொப்பமும் விழாது என்று நம்புகின்றோம். கணக்கு வராது என்று கூறிய வாய் இப்போது பாட்டிக்குக் கணக்குச் சொல்கின்றது.

சகோதர சகோதரிகளே! இன்று வீடு திரும்பியதும், உங்கள் குழந்தையை அருகழைத்து நூற்றைந்து எழுதச் சொல்லுங்கள். 105 என்று எழுதினால், நடுவே உள்ள சுழி அங்கு என்ன செய்கின்றது என்று கேளுங்கள். 1005 என்று எழுதினால், யாம் செய்ததைச் செய்யாதீர்கள். துடைப்பத்தில் நான்கு ஈர்க்கு உருவிக்கொண்டு அதன் பக்கத்தில் அமருங்கள்.